வீட்டு ஆமென்

ஞாயிறு ஆராதனை முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. பேக்கரிக்காரரின் ஆமென் கேட்டால் முடிந்தது என்று அர்த்தம். சபையில் இருநூறு பேர் சேர்ந்து சொன்னாலும் அவருடைய ஆமென் மட்டும் தனியாகக் கிளம்பி, ஜன்னல் வழியே வெளியே வந்து, தெருமுனை சைக்கிள் கடை வரைக்கும் போய்விட்டுத்தான் அடங்கும். முப்பது வருடம் மாவு பிசைந்து மார்பு அகன்றுபோன மனிதர், குரல் அடிவயிற்றிலிருந்து வரும். அவருடைய பெயர் எங்களுக்கு எப்போதோ மறந்துவிட்டது. ஆமென்காரர் என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேராகவே சொல்வோம், அவரும் சிரித்துக்கொள்வார்.

அந்த ஆமென் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கடை தெருவைப் பார்த்து இருக்கும், வீடு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் அடுப்புக்கூடம். ரொட்டி வெந்து இறங்கும் நேரத்தில் அந்த வீட்டுத் துணிமணி, தலையணை, வேதாகமம் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிவிடும். சமையலறையின் மூலையில் ஓர் அலுமினியத் தட்டு. அதுதான் ரஸ்க்கின் இடம். ரஸ்க் என்பது நாய். நிறத்தைப் பார்த்து மகள் வைத்த பெயர். காதுகள் மட்டும் தீய்ந்த ஓரம்போலக் கருப்பு.

எட்டு வயதில் மகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த வாரமே அதற்கு ஜெபம் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஜெபம் பண்ணாம சாப்பிட்டா நாய்க்கும் நமக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"அது நாய்தானேம்மா!"

"அதனாலதான் இப்பவே கத்துக் குடுக்கணும்."

தட்டில் சாப்பாட்டை வைப்பாள். நாய் பாயும். மூக்கில் ஒரு தட்டு தட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு முழு ஜெபத்தையும் சொல்லி, ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்ப்பாள். கடைசியில் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் சேர்ந்து ஆமென் சொன்ன பிறகுதான் நாய் வாய் வைக்கலாம். இரண்டே மாதத்தில் நாய் தேறிவிட்டது. தண்ணீருக்கு மட்டும் விலக்கு உண்டு. தண்ணீருக்கு ஜெபம் பண்ணும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், வெளியாள் யார் சொன்ன ஆமெனும் அதற்குச் செல்லாது. வீட்டில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆமென் போட்டுக்கொண்டிருந்தார். ரஸ்க் தன் பன்னுக்கு முன்னால் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்ததே தவிர அசையவில்லை. முடிவில் வீட்டுக்காரர் சொன்னார் பாருங்கள், பன் காணாமல் போனது. "உங்க நாய்க்கு வீட்டு ஆமென்தான் செல்லும்போல" என்று பாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத் திரும்ப வருகிறேன்.

மகளுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் கண் மஞ்சளித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலைச் சுற்றிச் சபையார் பத்துப் பேர் நின்று ஜெபித்தார்கள். சபை மூப்பர் ஒருவர் நீளமாக ஜெபித்து, "உம்முடைய சித்தம் எதுவோ அதுவே இந்தப் பிள்ளைக்கு ஆகட்டும்" என்று முடித்தார். பழக்கம் பொல்லாதது. பேக்கரிக்காரர் கண்ணை மூடியபடியே, அந்த வார்டு அதிர ஆமென் சொன்னார். கண்ணைத் திறந்தபோது நர்ஸ் பிள்ளையின் மூக்கிலிருந்து குழாயை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆறுதல் சொல்ல வந்த பாஸ்டரிடம் அவர் கேட்டது எங்கள் தெருவுக்கே தெரியும்.

"நான்தானே பாஸ்டர் சம்மதம் குடுத்தேன்? என்ன கேக்கறாங்கன்னு காதுல வாங்காமலே கையெழுத்துப் போட்டுட்டேனே."

"அப்படி நினைக்காதீங்க. ஆண்டவர் உங்க ஆமெனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கல."

"அப்ப எதுக்கு முப்பது வருஷம் சொல்ல வச்சீங்க?"

பாஸ்டர் நல்ல மனிதர், பதில் தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார். எழுந்து போனார். அன்றோடு பேக்கரிக்காரர் சபைக்குப் போவதை நிறுத்தினார். வீட்டில் மனைவி ஜெபம் பண்ணுவாள், தடுக்கமாட்டார். அவள் முடிக்கும் நேரம் பார்த்து எழுந்து கை கழுவப் போய்விடுவார். ஆமெனை அவளே சொல்லிக்கொள்வாள். நாயும் அந்த ஒற்றைக் குரலுக்குப் பழகிக்கொண்டது.

பிறகு அவளுடைய குரல் கம்மத் தொடங்கியது. முதலில் சளி என்றார்கள், பிறகு மாவுத் தூசி என்றார்கள். மழைக்காலத்துக்குள் காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை. ரஸ்க்குக்குப் பதின்மூன்று வயது, காதும் மந்தம். சாப்பாட்டு வேளைகளில் அவள் தரையில் உட்கார்ந்து நாயின் காதோரம் வாயை வைத்து அந்த ஒரு சொல்லை எப்படியாவது பிழிந்து எடுத்துவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவளுக்கு மூச்சே அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டு ஒரு குழாயை வைத்தார்கள். தொண்டையில் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், மார்பையும் படம் எடுத்தார்கள். வியாழக்கிழமை டாக்டர் பேக்கரிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கவரைக் கையில் கொடுத்தார். நுரையீரல் வரைக்கும் போய்விட்டது, அறுத்துப் பிரயோசனமில்லை, இரண்டு மூன்று மாதம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அவகிட்ட சொல்லாதீங்க டாக்டர்."

மனைவியிடம் அவர் சொன்னது வேறு. "சாதாரணக் கட்டிதானாம். வீக்கம் வத்தினதும் குழாயை எடுத்துடுவாங்களாம். குரல் தானா வந்துடும்." அவள் தலையாட்டினாள். கவரை எங்கே ஒளிப்பது? கடையில் வைத்தால் ஆட்கள் பார்ப்பார்கள். பீரோவில் வைத்தால் அவள் பார்ப்பாள். இரண்டு வருடமாக யாரும் திறக்காத மகளுடைய அறையைத் திறந்து, கட்டிலில் தலையணைக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த அந்த வியாழக்கிழமைதான் நாயைக் கவனித்தார்கள். திங்கட்கிழமை வைத்த ரொட்டி தட்டிலேயே எறும்பு மொய்த்துக் கிடந்தது.

"அம்மாவைத் தேடுதுன்னு நெனைச்சேன்" என்றார் அடுப்புக்காரர். இருபது வருடமாக அந்த அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவர், சாமி சபை எதிலும் சேராதவர். "தண்ணி மட்டும் குடிச்சுது. பால் வச்சேன், முட்டை வச்சேன், ஒண்ணையும் தொடல. தட்டு முன்னாடி வந்து உக்காந்து என் வாயையே பாக்குது. என் வாய்ல என்ன இருக்கு, பல்லு கூட சரியா இல்ல."

மனைவி வந்ததும் வராததுமாக ரஸ்க்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதிதாகச் சுட்ட ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டாள். கையைக் கூப்பி, உதட்டை அசைத்து, முடிவில் வாயைப் பெரிதாகத் திறந்து அந்தச் சொல்லைச் சொன்னாள். குழாயில் காற்று உஸ்ஸென்றது. நாய் அவளைப் பார்த்தது, தட்டைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது. வாலை ஒருமுறை தரையில் அடித்துவிட்டுக் காத்திருந்தது.

அப்போது எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் பேக்கரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்கூடத்துக்குப் போய்விட்டார்.

மழை விடவில்லை. ஈரக்காற்றில் மாவு எழும்ப மறுத்தது. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டுகிற மாவு, மூன்று மணி நேரமாகியும் சோம்பேறியாகப் படுத்துக் கிடந்தது. பாத்திரங்களை அடுப்பின் ஓரமாக நகர்த்தி, மேலே சாக்கைப் போர்த்தினார்கள். அந்த நேரத்தில் அடுப்புக்காரர் பேச்சை எடுத்தார்.

"நாய்க்குத்தானே முதலாளி. கதவைத் திற, வெளிய போ, அந்த மாதிரி ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்தா என்ன குறைஞ்சிடப் போகுது?"

"நீயே போய் சொல்லேன்."

"சொல்லாமலா இருப்பேன்? நாலு தடவை சொன்னேன். மூணாவது தடவை கொட்டாவி விட்டுது. ஒருவேளை ஞானஸ்நானம் வாங்கிட்டு வந்து சொல்லணுமோ என்னமோ."

பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. மாவை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். குழி அப்படியே நின்றது.

"அது வார்த்தை இல்லப்பா. அது சம்மதம். கேட்டவன் கேட்டதுக்கெல்லாம் சரின்னு சொல்றது. சொன்ன ஆமென் அடுப்புக்குள்ள போன ரொட்டி மாதிரி. திருப்பி எடுத்து மாவாக்க முடியாது. நான் ஒரு தடவை சொன்னது போதும்."

"அப்ப நாய் சாகட்டுமா?"

"பசிச்சா தின்னும்."

வெள்ளிக்கிழமையும் தின்னவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செய்தி பரவி, கடைக்கு ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து நாய்க்கு ஓர் ஆமென் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சொன்னேன், பொய் எதற்கு. சைக்கிள் கடைக்காரர் கையைத் தட்டிச் சொன்னார். தையல்காரம்மா கொஞ்சலாகச் சொன்னாள். கடைசியில் பாஸ்டரே குடையை மடக்கிக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்தில் அவர் அந்த வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. நாய்க்கு முன்னால் முட்டி போட்டு, பிரசங்க மேடையில் சொல்வதுபோல முழுக்குரலில் சொன்னார்.

ரஸ்க் அவரை மரியாதையாகப் பார்த்தது. அவ்வளவுதான்.

"அன்னைக்கு விளையாட்டாச் சொன்னேன், வீட்டு ஆமென்தான் செல்லும்னு" என்றார் பாஸ்டர். இந்த முறை சிரிப்பில்லை. வாசலில் நின்றிருந்த பேக்கரிக்காரரிடம், "நான் உங்களைச் சபைக்கு வாங்கன்னு கூப்பிடல. ஒரு வாயில்லா ஜீவனுக்காக..." என்று இழுத்தார்.

"வாயில்லாம இருக்கறது அது மட்டுமா பாஸ்டர்? உள்ள போய்ப் பாருங்க. அதுக்கு யாரைக் கேக்கறது?"

பாஸ்டர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை எதிர்வீட்டு டீச்சரக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. மகளின் பழைய கைப்பேசியில் பிறந்தநாள் வீடியோ ஒன்று இருந்தது. கேக்குக்கு முன்னால் அவள் ஜெபம் பண்ணி, ஆமென் சொல்லி, க்ரீமை எடுத்து அப்பா மூக்கில் பூசுவாள்.

"வீட்டு ஆமென்தானே வேணும்? இதைவிட வீட்டு ஆமென் எங்க இருக்கு?" என்றார் டீச்சரக்கா.

"வேண்டாம்க்கா" என்றார் பேக்கரிக்காரர்.

மனைவி கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினாள். சத்தத்தை முழுதாக வைத்து நாயின் காதருகே பிடித்தாள். பத்தொன்பது வயதுக் குரல் சமையலறையில் தெளிவாகக் கேட்டது. ஸ்தோத்திரம் அப்பா, இந்தக் கேக்குக்காக, அம்மாவுக்காக, ரஸ்க்குக்காக. ஆமென்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையானது. இரண்டு நாளாக எழுந்து நிற்கவே தெம்பில்லாத நாய் துள்ளி எழுந்தது. தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் தேடியது, அடுப்புக்கூடத்துக்கு ஓடி மாவு மூட்டைகளுக்கு நடுவில் தேடியது, திரும்பி வந்து மகளின் அறைக்கதவைப் பிறாண்டத் தொடங்கியது. முனகல் இல்லை, பிறாண்டல் மட்டும்தான். டீச்சரக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மனைவி சாவி எடுக்கப் போனாள்.

"திறக்காத" என்றார் பேக்கரிக்காரர். "சொல்றேன் இல்ல, திறக்காத. எதுக்கு இப்ப அதெல்லாம்?"

துக்கத்தில் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் திறந்தாள். நாய் கட்டிலில் ஏறி, தலையணையை முகர்ந்து, இரண்டு காலாலும் தள்ளியது. அவள் பின்னாலேயே உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தினாள், பூட்டவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தாளா பார்க்கவில்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை, எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து, மாவு மேசையைச் சுரண்டிக்கொண்டே அவர் எனக்குச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாய் சாப்பிட்டு ஏழு நாளாகியிருந்தது. தலையைத் தூக்கவில்லை, தாடையைத் தட்டின் விளிம்பில் வைத்துப் படுத்திருந்தது. மனைவி ஒரு பலகையில் உட்கார்ந்து, டீச்சரக்கா கொடுத்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். குரல் போன பிறகு சாப்பாட்டு ஜெபத்தை அவள் அதில்தான் எழுதுவாள். எழுதி முடித்துவிட்டு அவரை நோக்கி நீட்டினாள்.

"கண்ணாடி கடையில இருக்கு" என்றார்.

தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். கை மாவை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

'ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். எனக்கு வலி தாங்க முடியவில்லை. இழுத்துக்கொண்டு கிடக்க வைக்காமல் சீக்கிரம் என்னை என் பிள்ளையிடம் கூட்டிக்கொண்டு போம். இவர் தனியாக இருப்பார். ரஸ்க்கைத் துணைக்கு வையும். அது சாப்பிடட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன்.'

அதற்குக் கீழே ஒரு வரி வெறுமையாக இருந்தது. கடைசிச் சொல்லை அவள் எழுதவில்லை.

"எப்ப பாத்தே?"

நோட்டை வாங்கி எழுதினாள். 'நேத்து. ரஸ்க் காட்டிக் குடுத்துச்சு.'

"டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. அதெல்லாம் நம்பறதா? வேற ஆஸ்பத்திரி இருக்கு. நாளைக்கே கடையைப் பூட்டிட்டுக் கெளம்பறோம்."

'வலிக்குதுங்க.'

"மாத்திரை வாங்கிட்டு வரேன் இரு."

எழுந்தவரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு மெதுவாக எழுதினாள். 'நான் தினமும் கேக்கறேன். என் சத்தம் மேல போகல. உங்க சத்தம் போகும்.'

அவர் உடைந்துபோனார். அதை என்னிடம் மறைக்கவில்லை. சின்னப் பிள்ளைபோலக் கெஞ்சினாராம்.

"இந்தா, அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிடு. மத்ததுக்கெல்லாம் சொல்றேன். ரொட்டிக்குச் சொல்றேன், ரஸ்க்குக்குச் சொல்றேன், நாளையிலேர்ந்து சபைக்கு வேணும்னாலும் வரேன். அந்த வரிய மட்டும் அடிச்சிடு. பிள்ளைக்கு என்னன்னு தெரியாம சொல்லிட்டேன். உனக்குத் தெரிஞ்சே எப்படிச் சொல்வேன்?"

அவள் பென்சிலைத் தரையில் வைத்துவிட்டாள். அடிக்கமாட்டாள். நாயின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கழுத்துக் குழாயில் மூச்சு உஸ் உஸ்ஸென்று போய்வர, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாயும் கண்ணைத் திறந்து அவருடைய வாயைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் அவரிடம் கேட்க வேறு ஒன்றும் இல்லை.

வெளியே அடுப்புக்காரர் தட்டுகளை உருவும் சத்தம் கேட்டது. ரொட்டி வாசனை உள்ளே வந்தது.

"ஆமென்" என்றார். உதட்டுக்குள்ளேயே சொன்னார்.

நாய் அசையவில்லை. மனைவி தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நாயின் காதைத் தொட்டாள். கேட்கவில்லை.

இன்னொரு முறை சொன்னார். குரல் பாதியில் உடைந்தது. அவள் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து உயர்த்தினாள், மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தபோது இன்னும் சத்தமாக என்பதற்கு அப்படித்தான் காட்டுவாள்.

அவர் கண்ணை மூடவில்லை. அவளைப் பார்த்தபடியே, அடிவயிற்றிலிருந்து, பழைய குரலில் சொன்னார்.

ரஸ்க் தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றி, தடுமாறி, தட்டில் வாயை வைத்தது. பால் நக்கும் சத்தம் கேட்டது. அவள் முகத்தில் இரண்டு வருடமாகக் காணாத ஒரு நிம்மதி வந்தது. கண்ணாடியைத் திருப்பி வாங்கி, போட்டுக்கொண்டு, நாய் சாப்பிடுவதைப் பார்த்தாள். ஆறு வாரத்தில் அவள் போய்விட்டாள். அந்த ஆறு வாரமும் மூன்று வேளையும் அதே ஜெபத்தை எழுதினாள். அவர் மூன்று வேளையும் சொன்னார்.

எங்களுக்கு இதெல்லாம் அந்த ஞாயிறு சாயங்காலம் தெரியாது. மழை விட்டிருந்த நேரம், தெருவில் எல்லோரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். சைக்கிள் கடை வரைக்கும் அந்த ஆமென் போனது. டீச்சரக்கா இரண்டு கையையும் தூக்கி, "ஸ்தோத்திரம்! அந்த வீட்டுக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு" என்றார். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஆமென் என்றார். டீச்சரக்கா சொன்னார், தையல்காரம்மா சொன்னாள். என்ன ஜெபம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என் வாசலில் நின்று, சந்தோஷமாக, சத்தமாக ஆமென் சொன்னேன்.